மைதானத்தின் வாடகை

ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம். சென்னை கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலத்துக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு விதிக்கப்பட்ட வாடகை இது. மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் நாலு ரூபாய்கூடத் தேறாது. 1945இல், வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 99 வருஷக் குத்தகையாக எழுதிக்கொண்டார்கள். 2044 வரைக்கும் அந்தத் தாளுக்கு உயிர் உண்டு என்று கணக்கு. 99 வருஷத்து வாடகையையும் மொத்தமாகக் கூட்டினால் 61 ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஓசூர் பக்கத்தில் இன்றைக்கு ஒரு சென்ட் மனை வாங்க அந்தப் பணம் போதாது.

நான் ஓசூர்க்காரன். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவன், சேரிப் பையன்களோடு கால்பந்து ஆடியவன். குதிரைப் பந்தயத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் விளையாட்டு என்ற பேரில் நிலம் யார் கையில் இருக்கிறது, அதற்கு யார் வாடகை கொடுக்கிறார்கள், யார் கொடுக்காமலே குந்தியிருக்கிறார்கள் என்பது நம்முடைய வரலாற்றுக் கேள்வி. விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கோல் கணக்கு எழுதுவார்கள், ஆட்டக்காரன் பேர் எழுதுவார்கள். அவன் நின்று ஆடிய மண்ணின் சர்வே நம்பரை யாரும் எழுதுவதில்லை. அதை எழுதிப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1

முதலில் கிண்டிக் கதையை முடித்துக்கொள்வோம். 1970இல் அரசு விழித்துக்கொண்டது. சந்தை மதிப்புக்கு ஏற்றபடி வாடகையை உயர்த்த வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தது. கிளப் என்ன சொன்னது? ‘குத்தகைப் பத்திரத்தில் வாடகையை உயர்த்தலாம் என்று எங்கேயும் எழுதவில்லையே!’ அவ்வளவுதான். அந்த ஒற்றை வரி வாதத்தை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டினார்கள்.

நடுவிலே அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1974இல் குதிரைப் பந்தயத்தையே ஒழிப்பதற்குச் சட்டம் போட்டார்கள். கிளப் நீதிமன்றம் போனது, சட்டம் நின்றுபோனது. 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு சட்டம். அதற்கும் நீதிமன்றம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 1986ஆம் வருஷச் சட்டம் செல்லாது என்று தள்ளிவிட்டது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, அது திறமை சார்ந்த ஆட்டம் என்றும் சொல்லிவிட்டது. குதிரை ஓடுவது திறமை. சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் திறமைக்கு ஏக்கர் நாலு ரூபாய்க்குக்கூடப் பெறாத வாடகை நியாயமா என்ற கேள்வி அப்படியேதான் கிடந்தது.

2023 மார்ச்சில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பதில் சொன்னது. 1970 முதல் 2004 வரைக்குமான வாடகைப் பாக்கி மட்டும் 730 கோடியே 86 லட்சம் ரூபாய், அதைக் கட்டு என்றது. பாக்கி வரவில்லை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தது. கிளப் மறுபடியும் நீதிமன்றப் படி ஏறியது. பெரும்பகுதி நிலத்தில் பசுமைப் பூங்கா அமைப்போம், மழைத் தண்ணி தேங்கக் குளம் வெட்டுவோம் என்று அரசு சொல்லி, வேலையும் ஆரம்பித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, காலத்தை. 1970இலிருந்து 2024 வரை 54 வருஷம். வாடகைத் தகராறு நடந்த 54 வருஷமும் வாடகைதாரர் நிலத்தில்தான் இருந்தார். ஒரு நாள்கூட அவர் குதிரை வெளியே நிற்கவில்லை. சேரிக் குடிசைக்காரன் நகராட்சி நோட்டீஸ் வாங்கினால் எத்தனை நாள் உள்ளே இருப்பான்? ஜேசிபி வந்த பிறகு வக்கீலைத் தேடுகிறவர்கள் நாம். அவர்களுக்கு வக்கீல் முதலில், பத்திரம் கையில், நிலம் காலடியில்.

2

வாடகைத் தகராறு வந்தால் கிளப் ஜெயிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. கிளப் யாருடைய கிளப் என்று பார்க்க வேண்டும். இதற்கு இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரின் கதை உதவும்.

கோவென்ட்ரி நம்ம ஓசூர் மாதிரி ஒரு ஊர். சைக்கிள், அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் கார் என்று செய்து வளர்ந்த ஊர். ஓசூரில் 1980ஐ ஒட்டி டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் வந்த மாதிரி அங்கே நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. 1883இல் சிங்கர் சைக்கிள் கம்பெனித் தொழிலாளிகள் சேர்ந்து ஒரு கால்பந்து அணி ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பேரிலேயே சிங்கர்ஸ் என்று வைத்தார்கள். அதுதான் 1898இல் கோவென்ட்ரி சிட்டி ஆனது. 1899இலிருந்து 2005 வரைக்கும் ஹைஃபீல்ட் ரோடு என்ற மைதானத்தில் ஆடினார்கள். நூற்றாறு வருஷம்.

அப்புறம் கடன் வந்தது. பழைய மைதானம் கைவிட்டுப் போனது. ஊருக்கு வெளியே ரிக்கோ அரீனா என்று புது மைதானம் எழும்பியது. அதை நடத்தும் கம்பெனியில் கிளப்புக்கு இருந்த பங்கையும் கடனுக்காக ஓர் அறக்கட்டளைக்கு விற்றார்கள். மிச்சப் பங்கு நகராட்சி மன்றத்துக்கு. ஆக, தொழிலாளி ஆரம்பித்த கிளப், புது மைதானத்தில் வெறும் வாடகைக் குடித்தனம். வாடகை வருஷத்துக்குச் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பவுன். ஆட்டம் பார்க்க வருகிறவன் வாங்கும் சாப்பாட்டுக் காசு, வண்டி நிறுத்தும் காசு, அதுவும் கிளப்புக்கு இல்லை. 2007 கடைசியில் கிளப்பையே ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2012இல் அணி மூன்றாவது அடுக்குக்குச் சறுக்கியது. வருமானம் சரிந்தது, வாடகை சரியவில்லை. அந்த ஏப்ரலில் வாடகையை நிறுத்தினார்கள்.

கிண்டியில் நிறுத்தியவர் உள்ளேயே இருந்தார். கோவென்ட்ரியில் நிறுத்திய ஒன்றரை வருஷத்துக்குள் அணி ஊரைவிட்டே போனது. 2013-14இல் முப்பது மைலுக்கு மேல் தள்ளி நார்தாம்ப்டன் என்ற வேறு ஊரில் போய் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை ஆடினார்கள். ரசிகர்களில் பலர் உள்ளே போக மறுத்தார்கள். மைதானத்துக்கு வெளியே இருந்த ஒரு மேட்டில் ஏறி நின்று, டிக்கெட் வாங்காமல், தங்கள் அணியை ஆதரித்தார்கள். எனக்கு இந்த மேடு முக்கியமாகப் படுகிறது. முதலாளிக்குக் காசு கொடுக்க மாட்டேன், ஆனால் என் அணியை விடவும் மாட்டேன் என்று சொல்வதற்கு அவர்களுக்கு அந்த மேடுதான் கிடைத்தது.

2014 செப்டம்பரில் அணி திரும்பி வந்தது. வந்த இரண்டே மாசத்தில் மைதானத்தை வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கிளப் வாங்கிவிட்டது. 250 வருஷக் குத்தகை! மறுபடி தகராறு. 2019இலிருந்து இரண்டு வருஷம் பர்மிங்காமில் அகதி வாழ்க்கை. 2022 அக்டோபரில் வாஸ்ப்ஸ் திவாலானது, நவம்பரில் ஒரு கடைச் சங்கிலி முதலாளியின் குழுமம் மைதானத்தை வாங்கியது, டிசம்பரில் கிளப்புக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. புது வாடகை பேசித் தங்கினார்கள். கடைசியில் 2025 ஆகஸ்டில்தான் கிளப் தன் மைதானத்தைத் தானே விலை கொடுத்து வாங்கியது. 2005இல் இழந்த நிலையை மீட்க இருபது வருஷம்.

அங்கே நிலத்தின் தாள் கைமாறும்போது ஆடினவனையும் கேட்கவில்லை, பார்த்தவனையும் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோவென்ட்ரித் தொழிலாளிக்கு இழப்பதற்கு ஒரு மைதானம் இருந்தது. நமக்கு?

3

ஓசூருக்குக் கால்பந்து இரண்டு வழியில் வந்தது. ஒன்று பெங்களூர் கண்டோன்மென்ட். இன்னொன்று கோலார் தங்கவயல். எங்கள் தாத்தா வழியில் வந்தது தங்கவயல் பந்து.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்ட ஆரம்பித்தபோது வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் சனங்கள் போனார்கள். பண்ணையடிமையாய்ச் சாவதைவிடப் பாதாளத்தில் சாவது மேல் என்று போனவர்கள். வெள்ளைக்காரனுக்குக் கிளப், கோல்ஃப் மைதானம், பங்களா. நம்மாளுக்குத் தட்டி வைத்த லைன் வீடு. ஆனால் சுரங்கம் இன்னொன்றையும் கொடுத்தது. கையில் கூலிக் காசு. ஆண்டை இல்லாத தெரு. அந்தத் தெருவில்தான் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. பண்டிதர் மறைந்த பிறகு 1926இலிருந்து ‘தமிழன்’ பத்திரிகை அப்பாதுரையார் கையால் அங்கிருந்து வந்தது. பள்ளிக்கூடம், வாசகசாலை, விளையாட்டு எல்லாம் ஒரே வீச்சில் வந்தவை. ‘பந்த ஒதைக்கிறவன எவனும் எந்தச் சாதின்னு கேக்கல, எந்தப் பக்கம்னுதான் கேட்டான்’ என்று தாத்தா சொல்வார்.

பெங்களூர்க் கதையும் இப்படித்தான். 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்சோடு ஆடியது. பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணிக்காரர் சாரங்கபாணி ராமன். அல்சூருக்குப் பக்கத்தில் கௌதமபுரம் என்று தமிழ் பேசும் சேரி சனங்கள் வாழும் இடம் இருக்கிறது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலே சிலையும் நிற்கிறது. நம் சனங்கள் விளையாட்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்படி வந்த பந்தை எங்கே வைத்து உதைத்தோம்? எங்கள் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் ஏரி. தண்ணி வற்றினால் ஏரிக்கரைப் புறம்போக்கில் ஆட்டம். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டுக்கு ஒரு போட்டி வைத்தோம். எட்டு அணி. தங்கவயலிலிருந்துகூட ஒரு அணி ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார்.

‘டேய், யாரக் கேட்டு கோல் கம்பம் நட்டீங்க?’

‘பொறம்போக்குதானுங்களே சாமி’ என்றார் எங்கள் பெரியப்பா.

‘பொறம்போக்குன்னா? எங்க மாடு மேயற எடம். முந்நூறு ரூவா வாடக வெச்சிட்டு ஆடுங்க.’

கிராம அதிகாரியிடம் ஓடினோம். ‘ரெகார்டு பிரகாரம் அது அவருக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. எதுக்குப் பிரச்சன? பேசி முடிச்சுக்கங்க’ என்றார். பேசி முடித்தோம். அதாவது, வீட்டுக்கு அஞ்சு ரூபாய் என்று பிரித்து முந்நூறு கொடுத்தோம். பெரியப்பா ரசீது கேட்டார். அந்த ஆள் சிரித்தார். அடுத்த வருஷம் ஆயிரம் கேட்டார். முடியாது என்றோம். ஒரு வாரத்தில் மைதானத்தில் ஏர் ஓட்டிக் கொள்ளு விதைத்துவிட்டார். அடுத்த சில வருஷத்தில் அங்கே கம்பி வேலி வந்தது, அப்புறம் சரக்குக் கிடங்கு வந்தது. புறம்போக்குக்கு எப்படிப் பட்டா வந்தது என்று கேட்க எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நாங்கள் வாடகை கொடுத்தவர்கள். ஆனால் வாடகைதாரர்கள் அல்ல.

கிண்டியில் வாடகை கட்டாதவரிடம் 99 வருஷத் தாள் இருந்தது. எங்களிடம் கட்டின வாடகைக்கு ரசீது இல்லை. வித்தியாசம் இவ்வளவுதான், எல்லாமே இதில்தான் இருக்கிறது.

4

‘உங்களிடம் தாள் இல்லை, அதனால் நிலம் இல்லை’ என்று யாராவது முடிவுக்கு வந்தால் அதுவும் பொய். ஏனென்றால் தாள் இருந்தும் நாம் இழந்த நிலம் இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லாததுதான் இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று எழுதினார். அதன் மேல் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு விற்கவே கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

இந்த நிபந்தனையைக் கிண்டிக் குத்தகையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிண்டித் தாளில் ‘வாடகையை உயர்த்தலாம்’ என்று எழுதாமல் விட்ட ஒரு வார்த்தை 54 வருஷம் கிளப்பைக் காப்பாற்றியது. பஞ்சமித் தாளில் ‘மற்ற வகுப்பாருக்கு விற்கக் கூடாது’ என்று தெளிவாக எழுதிவைத்த வார்த்தை நம்மைக் காப்பாற்றவில்லை. கந்துவட்டிக்கும், குடிப்பழக்கத்துக்கும், மிரட்டலுக்கும், தாலுகா ஆபீஸ் பேனாவுக்கும் நிலம் போனது. எழுதாத வார்த்தைக்கு அங்கே அவ்வளவு பலம், எழுதின வார்த்தைக்கு இங்கே இவ்வளவு பலவீனம். அப்படியானால் பலம் தாளில் இல்லை, தாளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் கோட்டைக்கும் போகிற கையின் சாதியில் இருக்கிறது.

அந்தத் தாளை நாம் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்குக் காரணை சாட்சி. 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு, அங்கே அம்பேத்கர் சிலை வைத்த சனங்கள் மேல் அடக்குமுறை. அதை எதிர்த்துச் செங்கல்பட்டில் அக்டோபர் 10ஆம் தேதி கூடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். 730 கோடி பாக்கி வைத்தவர்களுக்குப் போனது நோட்டீஸ். சொந்த நிலத்தைக் கேட்டவர்களுக்குப் போனது தோட்டா.

5

ஓசூர்ப் பக்கம் இந்தக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. மத்திகிரியில் கம்பெனிக்காரன் 1824இலேயே ராணுவக் குதிரைகளுக்காக ஒரு பண்ணை வைத்தான். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். இன்றைக்கு அது அரசுக் கால்நடைப் பண்ணை. குதிரைக்கு ஏக்கர் கணக்கில் இடம் ஒதுக்க இந்த மண்ணில் இருநூறு வருஷப் பழக்கம் இருக்கிறது. எழுபதுகளில் சிப்காட் வந்தது. கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். மானாவாரிக் காடு, மேய்க்கால், புறம்போக்கு எல்லாம் கம்பெனி வேலிக்குள் போனது. பட்டாக்காரனுக்கு இழப்பீடு வந்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கும், அந்தப் புறம்போக்கில் செத்த மாட்டை உரித்தவனுக்கும், பந்து உதைத்தவனுக்கும் என்ன வந்தது? சிலருக்கு ஒப்பந்தக் கூலி வேலை வந்தது.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ஓசூர் மாநகராட்சி ஆனது. பெங்களூர்ப் பணம் எல்லை தாண்டி வந்து நில விலையை ஏற்றிவிட்டது. இப்போது பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, வலை அடித்த செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். சேரிப் பையன்கள் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். கோவென்ட்ரிக்காரன் மேட்டில் நின்றது எதிர்ப்பு. இவர்கள் நிற்பது எதிர்ப்பு இல்லை, கையில் காசில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த லைன் வீடு யாருடையது என்ற கேள்வி அதோடு எழுந்தது. கம்பெனி வீடு, கம்பெனி மைதானம், கம்பெனி ஆஸ்பத்திரி என்று நூற்றுச்சொச்சம் வருஷம் வாழ்ந்தவர்களுக்குக் கம்பெனி போனதும் காலடி மண்ணே கேள்வியாகிவிட்டது. கோவென்ட்ரியில் கிளப்புக்கு நேர்ந்தது இங்கே ஒரு நகரத்துக்கே நேர்ந்தது.

ஆகவே மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிண்டி நிலத்தை அரசு எடுத்ததைக் கைதட்டி வரவேற்பதோடு நிறுத்திவிட வேண்டாம். பூங்கா வரட்டும், குளம் வரட்டும். ஆனால் ஒரு பெரிய கிளப்பிடமிருந்து அரை நூற்றாண்டு கழித்தாவது நிலத்தை மீட்க அரசுக்குச் சட்டம் உண்டென்றால், 1892ஆம் வருஷத்து ஆணைப்படி பஞ்சமி நிலத்தை மீட்கவும் அதே அரசுக்குச் சட்டம் உண்டு. ஒன்றைச் செய்தவர்கள் இன்னொன்றை ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் கையில் தாள் வேண்டும். 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி தாலுகா ஆபீஸ்களில் ஊர் ஊராகப் பழைய அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைத்த நிலம் என்று குறித்த சர்வே நம்பர்களைத் தனியாக எழுதுங்கள். அது இன்றைக்கு யார் வேலிக்குள் இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். கிழவர்களைக் கேளுங்கள்: எங்கே மாடு மேய்ந்தது, எங்கே பிணம் புதைத்தது, எங்கே பந்து ஆடினது. அவர்கள் சொல்லும் இடத்தையும் பதிவேடு சொல்லும் இடத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

எங்கள் ஏரிக்கரையின் சர்வே நம்பரை நான் எழுதி வைத்துவிட்டேன். மனு போட்டிருக்கிறேன். முந்நூறு ரூபாய்க்கு ரசீது கேட்ட பெரியப்பா இப்போது இல்லை. ரசீது கேட்க வேண்டும் என்று முப்பது வருஷம் முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.